கண்ணியக் கண்ணாடி

பரமகுருவின் காலில் புழு வைத்த அன்று துறைமுகத்திலிருந்து பாராட்டுச் செய்தி வந்தது.

அமலதாஸ் கைபேசியை நிழலுக்குள் சாய்த்துப் பிடித்துப் படித்தான். நல்ல தமிழ். 'தாங்கள் அனுப்பிய காணொளியைக் கண்டோம். தாங்களும் சக பணியாளர்களும் உடல்நலத்தோடும் உற்சாகத்தோடும் இருப்பது அறிந்து மகிழ்ச்சி. கப்பலைத் தொடர்ந்து காத்துவரும் தங்கள் கடமையுணர்வை நிர்வாகம் போற்றுகிறது.'

"என்ன எழுதியிருக்கான் தாசு?" என்று கேட்டான் இபுராகிம்.

"வாழ்த்து சொல்லுதான் பாய்."

"டாக்டர் எப்ப வர்றாராம்?"

"டாக்டர் வரல. நம்ம உற்சாகமா இருக்கோமாம்."

இபுராகிம் சிரித்தான். வாய் மட்டும்தான் சிரித்தது. பிறகு உப்புத் தண்ணீரில் துணியை நனைத்துக்கொண்டு பரமகுருவின் காலில் நெளிந்ததை எடுக்க உட்கார்ந்தான். பரமகுரு அந்தக் கப்பலின் பண்டாரி, அதாவது சமையல்காரர். இரும்பு வடம் அறுந்து முழங்காலுக்குக் கீழே அடித்த காயம். சர்க்கரை உடம்பு. ஆறவில்லை. இப்போது கணுக்காலிலிருந்து கறுத்துக்கொண்டு மேலே ஏறியது.

கடலடி மண்ணைத் தோண்டித் துறைமுக வாய்க்காலை ஆழப்படுத்தும் கப்பல் அது. முதலாளி கம்பெனியை மூடிவிட்டு எங்கோ போய்விட்டான். வேலையாட்களைச் சிறு சிறு கூட்டமாக ஊருக்கு அனுப்பிவந்த ஏஜென்ட், இந்த மூன்று பேரின் முறை வந்தபோது போனை எடுப்பதை நிறுத்தினான். பாஸ்போர்ட் அவனிடம். அந்த வளைகுடா நாட்டுச் சட்டப்படி நங்கூரம் போட்ட கப்பலை ஆளில்லாமல் விடக் கூடாது. அதனால் இறங்க அனுமதி இல்லை. மாதம் ஒரு தடவை துறைமுகப் படகு வந்து தண்ணீரும் மைதாவும் வெங்காயமும் கயிற்றில் கட்டிவிட்டுப் போகும். படகுக்காரர்கள் கறுப்புக் கண்ணாடி போட்டிருப்பார்கள். இவர்கள் மேலேயிருந்து கத்துவார்கள், வயிற்றைக் காட்டுவார்கள், பரமகுருவைத் தூக்கி நிறுத்திக் காலைக் காட்டுவார்கள். படகுக்காரர்கள் சிரித்த முகத்தோடு கையசைத்துவிட்டுப் போவார்கள்.

"இவனுகளுக்கு நெஞ்சுல ஈரமே கெடையாதா பாய்?" என்று அமலதாஸ் ஒரு தடவை கேட்டான்.

"பதினெட்டு வருசம் இந்தப் பக்கம் இருந்திருக்கேன். இவ்வளவு அன்பாச் சிரிச்சு நான் பாத்ததே இல்ல. அதான்யா எனக்குப் பயமா இருக்கு."

கரை கண்ணுக்கெதிரே தெரிந்தது. கண்ணாடிக் கட்டடங்கள் வெயிலில் மின்னின.

ஜெனரேட்டருக்கு டீசல் இல்லை. மிதவை விளக்கிலிருந்து கழற்றிய சூரியத் தகட்டில் கைபேசிக்கு உயிர் கொடுத்து, அன்று மதியம் அமலதாஸ் தூத்துக்குடிக்குப் பேசினான். மனைவி பிலோமி திரையில் வந்தாள். அவனை மேலும் கீழும் பார்த்தாள்.

"ஒண்ணு கேக்கேன். கோவப்படக் கூடாது."

"கேளு."

"அந்தச் சட்டைய ஒங்களுக்கு யாரு தேச்சுக் குடுக்கா?"

அமலதாஸ் குனிந்து தன்னைப் பார்த்துக்கொண்டான். மேலே ஒன்றுமில்லை. விலா எலும்புகள். இடுப்பில் கிரீஸ் படிந்த லுங்கி.

"எந்தச் சட்ட?"

"இப்பப் போட்டுருக்கீகளே, நீலக் கட்டம். மடிப்புக் கலையாம இருக்கு. சோறு இல்ல, தண்ணி இல்லன்னு பொலம்புதீக. கன்னம் ரெண்டும் உப்பிப்போயி இருக்கீக. ஒம் புருசன் அங்கன வேற குடும்பம் வச்சுட்டானான்னு கடைக்காரன்கூடக் கேக்கான். நான் என்ன பதில் சொல்ல?"

"பிலோமி, நான் சட்டையே போடல."

"எனக்குக் கண்ணு அவிஞ்சா போச்சு?"

அவன் தன் திரையின் மூலையைப் பார்த்தான். அங்கே அவன் உருவம் அவனுக்குத் தெரிந்தபடியே இருந்தது. எலும்பும் தாடியும்.

"எனக்குப் பின்னால என்ன தெரியுது?"

"வெள்ளச் சுவரு. ஒரு பூந்தொட்டி."

பின்னால் துருப்பிடித்த வடச்சக்கரம். அவன் வெறும் கையைக் கேமரா முன்னால் நீட்டினான், பிச்சை கேட்பவன்போல.

"இப்ப கையில என்ன இருக்கு?"

"டீ கிளாசு."

அமலதாஸ் கையை மடக்கிக்கொண்டான். கைபேசியைப் பரமகுருவின் பக்கம் திருப்பினான். இபுராகிம் துணியை எடுத்ததும் பரமகுரு பல்லைக் கடித்துக்கொண்டு அலறினார்.

"அது யாருங்க அழுகது?"

"அண்ணாச்சிதான். பண்டாரி."

"அவரு சிரிச்சுக்கிட்டுல்லா இருக்காரு," என்றாள் பிலோமி. சொல்லும்போதே அவள் குரல் உடைந்தது. சிரிக்கிற முகமும் அழுகிற சத்தமும் ஒன்றாக வந்ததை அவளும் அப்போதுதான் கேட்டாள்.

மறுநாளே அவள் கலெக்டர் அலுவலகத்துக்குப் போனாள். கணவன் அனுப்பிய காணொளியைக் காட்டினாள். பார்த்த அதிகாரி, எனக்கும் அந்தக் கப்பலில் ஒரு வேலை பார்த்துக் கொடுக்கச் சொல்லுங்க என்றாராம். பக்கத்து மேசையில் இருந்த ஒரு பெண்தான் பின்னாலேயே வந்து, இது 'கண்ணியம்' என்கிற படம் திருத்தும் மெஷினின் வேலையாக இருக்கும் என்று சொல்லி, சென்னை எண் ஒன்றைக் கொடுத்தாள்.

பிலோமி அனுப்பிவைத்த அந்த எண்ணில் பேசியவள் பெயர் நிறைமதி. கண்ணியத்தை உருவாக்கிய குழுவில் ஒருத்தி. அமலதாஸ் சொன்னதையெல்லாம் குறுக்கே பேசாமல் கேட்டாள்.

"அண்ணா, நான் உங்களை நம்பறேன். ஆனா நான் நம்பறதால ஒண்ணும் ஆகாது."

"ஏம்மா, இது என்ன எழவு கண்ணியம்? எங்களுக்கு யாரு இதக் கேட்டா?"

"நாங்கதான் கேட்டோம்," என்றாள் அவள். "வெள்ளைக்காரன் கேமராவோட வந்த நாள்லேருந்து நாம எப்படி இருந்தோம் படத்துல? கூடை சுமக்கறவன். கை ஏந்தறவன். பஞ்சத்துல எலும்பும் தோலுமாக் கிடக்கறவன். அவன் போனப்புறம் நம்ம சினிமாக்காரனும் அதையேதான் செஞ்சான். கறுப்பா இருந்தா அடியாள், இல்லேன்னா கோமாளி. அதைப் பாத்து வளர்ந்தவன்தான் போலீஸ்ல இருக்கான். கறுப்பனைக் கண்டதும் கை தானா ஓங்குது. இதைப் பத்தி நாங்க எவ்வளவோ புத்தகம் எழுதினோம், கருத்தரங்கம் நடத்தினோம். ஒண்ணும் மாறல. கடைசியில மெஷினைச் செஞ்சோம். நிறத்தையும் இனத்தையும் வெச்சு ஒருத்தரை இழிவாக் காட்டற படத்தை, போற வழியிலேயே திருத்திடும். அதிகாரிங்க கண்ணாடியும் அதேதான். கண்ணாடி போடாம வெளிநாட்டுத் தொழிலாளியைப் பாக்கறது அங்க குற்றம். அடி குறைஞ்சிருக்கு அண்ணா. லாக்கப் சாவு குறைஞ்சிருக்கு. அது பொய்யில்ல."

"சரி. நாங்க சாகுததும் யாருக்கும் தெரியலயே. அதுக்கு என்ன செய்ய?"

மறுமுனையில் அவள் ஏதோ தட்டெழுதும் சத்தம் கேட்டது.

"உண்மையான படத்த நீங்க எடுத்துப் பாக்க முடியாதா?"

"மூலப்படம் வழியிலேயே அழிஞ்சுடும். அப்படிக் கேட்டதும் நாங்கதான். யாரும் நம்ம அவமானத்தை எடுத்து விக்கக் கூடாதுன்னு. எங்க மெஷின் முத்திரை இல்லாத படத்தைப் பொய்னு தள்ளிடறாங்க, பொய்ப்படம் அவ்வளவு பெருகிப்போச்சு. நானே துறைமுகத்துக்குப் பேசினேன். வார்த்தை வேண்டாம், படம் அனுப்புங்கன்னாங்க. படத்துல நீங்க பூந்தொட்டி பக்கத்துல நிக்கறீங்க."

"அந்தப் பூந்தொட்டி எங்கேயிருந்து வந்துச்சு?"



"எது இழிவு, எது கௌரவம்னு மெஷினுக்கு யாராவது கத்துக்கொடுக்கணுமில்ல? எங்க பார்வையைத் திணிக்கக் கூடாதுன்னு நினைச்சோம். அதனால வெளிநாடு போன தொழிலாளிங்க தாங்களே எடுத்து வீட்டுக்கு அனுப்பின படங்களைக் கொடுத்தோம், கோடிக்கணக்குல. எங்க அப்பா படங்களும் அதுல இருக்கு. அவர் அங்க கொத்தனார். தங்களை எப்படிக் காட்டிக்க அவங்க விரும்பினாங்களோ, அப்படித்தானே காட்டணும்?"

அமலதாஸ் இரும்புச் சுவரில் சாய்ந்தான். எல்லாத் தொழிலாளி அறையிலும் ஆணியில் ஒரு நல்ல சட்டை தொங்கும். அறைக்கே பொது. படம் எடுக்கும் நாளில் ஒருவன் கழற்ற அடுத்தவன் மாட்டிக்கொள்வான். யாருடைய காரின்மேலோ கை வைத்து நிற்பான். ஏதோ ஒரு கட்டடத்தின் பூந்தொட்டிக்குப் பக்கத்தில் நிற்பான். சிரிப்பான். படம் முடிந்ததும் சட்டை ஆணிக்குப் போகும். அமலதாசும் அப்படி நின்றவன்தான். பிலோமி அந்தப் படத்தைச் சட்டம் போட்டு மாட்டியிருக்கிறாள்.

"அதெல்லாம் நாங்க பொண்டாட்டி புள்ளைகளுக்குச் சொன்ன பொய்யில்லா?"

"தெரியும்."

"நாங்க வீட்டுக்குச் சொன்ன பொய்ய ஒலகத்துக்கே சட்டமா ஆக்கிட்டீங்களே தாயி."

"மேல்முறையீடு போடறேன். குழு கூடணும். நாளாகும்," என்றாள். பிறகு குரலைத் தணித்துச் சொன்னாள். "வெள்ளைக்காரங்க படத்தை அது தொடாது. அவங்களை நிறத்துக்காக யாரும் இழிவாக் காட்டினதில்லையே, திருத்தறதுக்கு. அவன் அழுதா அழறதாத்தான் தெரியும். நான் இதை உங்ககிட்ட சொல்லல."

இபுராகிம் அடுப்படியிலிருந்து மைதா மூட்டையை இழுத்துவந்தான். அடியில் கொஞ்சம்தான் இருந்தது.

"அது திங்குற மாவுப்பா," என்றார் பரமகுரு. கண்ணைத் திறக்காமலே பேசினார். "அடுத்த படகு வர்ற வரைக்கும் என்னத்தத் திம்பீய?"

"நீரு பொழைச்சு எந்திரிச்சு வந்து என்னத்தையாவது ஆக்கிப் போடும்," என்றான் இபுராகிம். "தாசு, அந்தச் செவப்புப் பெயிண்டுல ஒரு சொட்டு விடு. துரைமாருக்கு வெயில் பட்டா செவக்கும்ல."

மாவைக் கூழாகக் குழைத்து முகம், கழுத்து, கைகள், தொடை எல்லாம் பூசினார்கள். காயத்தை மட்டும் விட்டார்கள். தலையைத் துண்டால் மூடினார்கள். இபுராகிம் தள்ளி நின்று பார்த்தான்.

"பண்டாரி, ஒமக்கு இந்த நிறம் எடுக்குதுய்யா. பொண்ணு பாக்கவா?"

"சிரிக்க வைக்காத. மாவு வெடிக்கிது."

ஒரு வார்த்தையும் பேசாமல் படம் எடுத்தார்கள். முகத்தில் தொடங்கிக் காலில் முடித்தார்கள். புழுவும் தெரிந்தது. அனுப்பினார்கள். வழியில் எதுவும் அதைத் திருத்தவில்லை என்பது அரைமணி நேரத்தில் தெரிந்துவிட்டது. துறைமுகத்தின் அவசரச் சங்கு ஊதியது. கரையோரமாக இரண்டு வேகப்படகுகள் திரும்பிக் கப்பலை நோக்கி வந்தன. அந்தச் சங்கை அவர்கள் அதுவரை கேட்டதே இல்லை.

இபுராகிம் கப்பலின் கைப்பிடிக் கம்பியைப் பிடித்துக்கொண்டு அழுதான். அமலதாஸ் திரும்பிவந்தபோது பரமகுரு முழங்கையை ஊன்றி எழுந்திருக்க முயன்றுகொண்டிருந்தார்.

"தண்ணி கொண்டாப்பா. இதக் கழுவணும்."

"இருக்கட்டும் அண்ணாச்சி. அவங்க வந்து ஏத்துத வரைக்கும் இருக்கட்டும்."

"அதான் வந்துட்டான்ல." பரமகுரு நகத்தால் கன்னத்தைச் சுரண்டினார். மாவு பொரிந்து பொரிந்து விழுந்தது. "எனக்கு மூச்சு முட்டுதுப்பா. அம்பத்தேழு வயசு வரைக்கும் இந்த மூஞ்சியத்தான் தூக்கிட்டு அலைஞ்சிருக்கேன். தூக்க வர்றவன் என்னையப் பாத்துத் தூக்கட்டும். செத்தாலும் இந்த மூஞ்சியோட சாகுறேன். இன்னொருத்தன் மூஞ்சியோட என்னைய அனுப்பாதீய."

அமலதாஸ் தண்ணீர்க் குடத்தை எட்டிப் பார்த்தான். குடிதண்ணீர் ஒரு குவளை இருந்தது. அவனே ஊற்ற, இபுராகிம் துடைத்துவிட்டான். கறுத்த, நரைதாடி முளைத்த முகம் வெளியே வந்தது. பரமகுரு நிம்மதியாக மூச்சுவிட்டார். படகு கப்பலில் இடித்த சத்தம் கேட்டது.

நான்கு பேர் ஏறிவந்தார்கள். எல்லார் கண்ணிலும் கறுப்புக் கண்ணாடி. ஒருவன் கையில் மருந்துப்பெட்டி, இருவர் கையில் தூக்குப்படுக்கை. அதிகாரி மூன்று பேரையும் பார்த்துத் தலையசைத்தார். பார்வை அவர்களைத் தாண்டிப் போயிற்று. அரபியில் ஏதோ கேட்டார்.

"என்ன கேக்காரு?"

இபுராகிமின் முகம் செத்துப்போயிருந்தது. "காயம்பட்ட வெள்ளைக்காரரு எங்கன்னு கேக்குறாரு."

"இவர்தான்னு சொல்லு பாய். கால காட்டு."

இபுராகிம் தனக்குத் தெரிந்த அரபியெல்லாம் கொட்டினான். துணியை விலக்கினான். அதிகாரி குனிந்து பார்த்தார். அவர் கண்ணாடியில் என்ன தெரிந்ததோ, தேய்த்த கால்சட்டையும் பளபளக்கும் செருப்புமாக இருக்கலாம். பரமகுருவின் தோளில் நட்பாகத் தட்டிவிட்டு நிமிர்ந்தார். ஆட்களை அனுப்பிக் கப்பலைத் தேடச் சொன்னார். மருந்துப்பெட்டிக்காரன் அறை அறையாகத் திறந்தான். இயந்திர அறைக்குள் இறங்கினான், மண் தொட்டிக்குள் எட்டிப் பார்த்தான்.

"கண்ணாடிய ஒரு நிமிசம் கழட்டச் சொல்லு."

"சொல்லிட்டேன்யா. அப்படிப் பாத்தா அவரு வேலை போயிருமாம். நம்மளக் கேவலப்படுத்த மாட்டேங்குறாரு."

தேடிப்போனவர்கள் வெறுங்கையோடு வந்தார்கள். அதிகாரி மூக்கைச் சுளித்தார். ஒரு தடவை சுற்றி நடந்து முகர்ந்தார். நாற்றத்தைக் கண்ணியம் திருத்தவில்லை. கறுப்புக் கண்ணாடி மூவரையும் நேராகப் பார்த்தது. குரல் மாறிப்போயிருந்தது.

"பொண நாத்தம் அடிக்கிதுங்குறாரு," என்றான் இபுராகிம். "அந்த வெள்ளைக்காரர நம்ம என்ன செஞ்சோம்னு கேக்குறாரு."

பரமகுருவுக்குக் காய்ச்சல் ஏறிக் கண் சொருகத் தொடங்கியிருந்தது. தூக்குப்படுக்கைக்காரர்கள் அதை மடித்துக் கட்டினார்கள்.

"வெள்ளைக்காரரே இல்லன்னு சொன்னா என்ன ஆகும்?" என்றான் அமலதாஸ்.

"பொய்ப்படம் அனுப்புனோம்னு போனப் புடுங்கிட்டுப் போயிருவாங்க. நம்ம இங்கயே கெடப்போம்."

"இருந்தாருன்னு சொன்னா?"

இபுராகிம் அவனைப் பார்த்தான்.

"கொல நடந்த கப்பல்ல ஆள விட்டு வைப்பானா பாய்?"

"விடமாட்டான். சாட்சி, குத்தவாளி எல்லாத்தையும் கரைக்குக் கொண்டு போவான்."

"கரையில, உள்ள தள்ளுததுக்கு முன்னால டாக்டர் தொட்டுப் பாப்பாருல்லா? கண்ணாடி போட்டுருந்தாலும் கையில சூடு தெரியும். சீழு ஒட்டும்."

"தாசு, இந்த ஊருல கொலைக்குத் தலைய எடுத்துருவாங்கய்யா."

"பொணம் இல்லாம எடுத்துருவானா?"

"தெரியாது."

"நாந்தான் கடல்ல தள்ளுனேன்னு சொல்லு."

"எஞ் சாமி, இத என் வாயால எப்படிச் சொல்லச் சொல்றே? பிலோமிக்கு நான் என்ன பதில் சொல்வேன்?"

"ஒனக்குத்தான அரபி தெரியும். நாங்கன்னு சொல்லிராத. நான்னு சொல்லு. நீ சாட்சியா இருந்தாத்தான் அண்ணாச்சியப் பாத்துக்க முடியும்." அமலதாஸ் அதிகாரியின் முன்னால் போய்த் தன் நெஞ்சில் இரண்டு தடவை அடித்துக்கொண்டான். பிறகு கடலைக் காட்டினான்.

இபுராகிம் சொன்னான். நாலைந்து வார்த்தைதான். காலைக் காட்டிக் கத்தியதை நம்பாதவர், இதை உடனே நம்பினார். ஆட்கள் அமலதாசின் கைகளைப் பின்னால் மடக்கிப் பூட்டினார்கள். தள்ளவில்லை, அடிக்கவில்லை. மரியாதையாகவே பூட்டினார்கள்.

அதிகாரி தொப்பியைக் கழற்றிக் கடலைப் பார்த்துக் கொஞ்சநேரம் நின்றார். திரும்பிவந்து தாழ்ந்த குரலில் ஒன்று கேட்டார்.

"செத்தவரு பேரு என்னன்னு கேக்குறாரு," என்றான் இபுராகிம். "அவரு வீட்டுக்குச் சொல்லணுமாம்."

அமலதாசுக்கு ஒரு வெள்ளைக்காரன் பெயரும் வாயில் வரவில்லை.

"பரமகுருன்னு சொல்லு."

அதிகாரி அந்தப் பெயரைச் சிரமப்பட்டு உச்சரித்தார். பிசகியதும் இபுராகிமைத் திரும்பச் சொல்லச் சொல்லிச் சரிசெய்துகொண்டார். மூன்றாவது தடவை சரியாக வந்தது.

"என்னா?" என்றார் பாயில் கிடந்த பரமகுரு, கண்ணைப் பாதி திறந்து. "யாருப்பா கூப்பிட்டது?"

அதிகாரியின் காதில் அது விழவில்லை. அவர் கப்பலுக்கு முத்திரை வைக்க உத்தரவு போட்டுக்கொண்டிருந்தார். அமலதாசை முதலில் இறக்கினார்கள். கை பின்னால் கட்டியிருந்ததால் இடுப்பில் கயிறு போட்டு இறக்கினார்கள். படகிலிருந்து அவன் அண்ணாந்து பார்த்தான். இபுராகிம் பரமகுருவை முதுகில் தூக்கி வேட்டியால் தன்னோடு சேர்த்துக் கட்டிக்கொண்டு கயிற்றேணியில் கால் வைத்தான். கறுத்த கால் காற்றில் தொங்கி ஒவ்வொரு படியிலும் இடித்தது. பரமகுரு அலறினார்.

மேலேயிருந்து அதிகாரி கண்டிப்பான குரலில் ஏதோ சொன்னார்.

"என்னா சொல்றான்?" என்று முனகினார் பரமகுரு.

இபுராகிம் மூச்சு வாங்கினான். அடுத்த படியைக் காலால் தேடினான்.

"வெளையாடாம எறங்கச் சொல்றாரு. கழுத்தக் கெட்டியாப் புடிச்சுக்கிடும்."